சீரான தகடு

கை தூக்கினால் பாரம் அந்தப் பக்கம் சாயும். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தியதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். நூல் வேண்டுமாம், கூடுதல் தாள்களைக் கட்டுவதற்கு. பரீட்சை அறையில் வேறு எதற்குக் கை தூக்குவார்கள், ஆனால் இன்று காலையிலிருந்து தூக்கிய கை எதைப் பார்த்தாலும் அது முப்பதடி உயரத்தில்தான் எனக்குத் தெரிகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, வலது கை தலைக்கு மேலே ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு. யாரோ ஒரு தலைவர், எனக்கு அவர் பேர்கூட ஒழுங்காக நினைவில் நிற்பதில்லை. என் கணவர் மாசிலாமணி ப்ளைவுட்டில் அறுத்து, வர்ணம் அடித்து, இன்று மத்தியானம் அமைந்தகரையில் சவுக்குக் கட்டைச் சாரத்தில் ஏற்றி நிறுத்தப் போகிற கட்-அவுட் அது. அதை எந்த இடத்தில் கயிறு கட்டித் தூக்க வேண்டும் என்று புள்ளி வைத்துக் கொடுத்தது நான். ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற நான், இங்கே மின்விசிறிக்குக் கீழே, வணிகவியல் பரீட்சை எழுதும் நாற்பது பெண்களுக்குக் காவலாக நின்றுகொண்டிருக்கிறேன். நூல் கற்றையிலிருந்து ஒன்றை உருவி அவளிடம் கொடுத்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன். காலையில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது இந்தக் குடைச்சல். முதலில் கேஸ் அடுப்பை அணைக்கவில்லையோ என்று நினைத்தேன், அணைத்தேன், குமிழைத் திருப்பிய விரலின் பிசுபிசுப்புகூட நினைவிருக்கிறது. பின்கதவு? பூட்டினேன். தண்ணீர்க் குழாய்? மூடினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது அந்தப் புள்ளிதான். புள்ளியில் என்ன தப்பு இருக்க முடியும்? வலம் இடம் மாறிப்போயிருக்குமோ? கயிறு கட்டுவது பின்பக்கம், பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகிவிடும், அதை நான் யோசிக்கவில்லையா? யோசித்தேன். மாதிரிக்கு வெட்டிய அட்டையில் ஊசியால் குத்தி மறுபக்கமும் ஓட்டை தெரிகிற மாதிரித்தான் கொடுத்தேன், பலகையிலும் துளை போட்டுக்கொள்ளச் சொன்னேன், அவரும் துரப்பணத்தால் துளைத்துவிட்டதாகச் சொன்னார். அப்படியென்றால் அது இல்லை. வேறு என்ன. வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அது முடிந்துதான் தூக்குவார்கள். ராகு காலத்தைப் பற்றி நான் அவரிடம் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன், இன்றைக்கு அதைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் அது தரையில்தான் படுத்திருக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அது எப்போதும் கொஞ்சம் பின்தங்கி ஓடும்.

மறுபடியும் முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜை, ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி. ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு அவர் வரைந்து தந்த உருவத்தை நான் கத்தரித்தேன். விரல் நுனி, இடது முழங்கை, வேட்டியின் ஓரம், மூன்று இடத்தில் ஊசித் துளை. அவர் ஊசியைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டார், அட்டைத் தலைவர் ஊசியில் தொங்கி இப்படியும் அப்படியும் ஆடி ஒருவழியாக நின்றார். அதே ஊசியிலிருந்து ஒரு நூல், நூல் முனையில் அவருடைய ஸ்கூட்டரின் பழைய நட்டு ஒன்று. மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், இல்லாவிட்டால் நூல் நிற்காது. இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. நூல் போன வழியே பென்சிலால் கோடு. அடுத்த துளை, அடுத்த கோடு. மூன்றாவது கோடு மற்ற இரண்டும் வெட்டிய இடத்தில் வந்து விழவில்லை, மயிரிழை தள்ளிப் போய் நடுவில் குட்டியாக ஒரு முக்கோணம் விழுந்தது.

"மூணும் ஒரே இடத்துல வரலையே" என்றார் அவர்.

"வராது. ஊசி உரசும், நூலுக்குத் தடிமன் இருக்கு, போதாததுக்கு உங்க கை ஆடுது."

"என் கையா? சாரத்து உச்சியில நின்னு கண்ணு எழுதுற கைம்மா இது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்கோணத்தின் நடுவில் புள்ளி வைத்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் சட்டைப் பொத்தான் வரிசையில் இல்லை, தூக்கிய கையின் பக்கமாக நன்றாகவே தள்ளி. இதுவரை அவர்கள் பொத்தான் வரிசையைப் பார்த்துத்தான் கயிறு கட்டிவந்தார்கள். ஆள் நேராக நின்றால் நடு அங்கேதானே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதனால்தானே அவர் கூட்டாளி ஏகாம்பரம் அடிபட்டார். அதைப் பற்றி இப்போது வேண்டாம். புள்ளி கிடைத்ததும் நான் விட்டேனா? கட்டத்தாளில் உருவத்தைப் போட்டு, பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் பரப்பையும் காலடியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தேன். மொத்தம் இருநூறு கட்டம், புள்ளி காலிலிருந்து பதினாலு அடி உயரத்தில். குறுக்கேயும் அதே போல. சோதனையில் வந்த புள்ளியும் கணக்கில் வந்த புள்ளியும் இரண்டு மில்லிமீட்டர்கூட விலகவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பதினொரு வருஷக் கல்யாணத்தில் அவருடைய வேலையில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. "ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சா?" என்று அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், அவர் சட்டையில் டர்பன்டைன் வாசம். கடைசியாக, பழக்க தோஷம், வகுப்பில் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "எல்லா இடமும் ஒரே கனம்னு வச்சுக்கிட்டுதான் இந்தக் கணக்கு." டீ டம்ளர் வாய்க்கு அருகே நின்றது. "எல்லா இடமுமா?" என்றார். "எல்லா இடமும்தான்" என்றேன், தாள்களை அடுக்கிக்கொண்டே. அவர் அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

யாரோ ஒருத்தி தும்மினாள். கடைசி வரிசையில் இரண்டு தலைகள் நெருங்குவது போலிருந்தது, அந்தப் பக்கம் நடந்தேன், தலைகள் பிரிந்தன. என் செருப்புச் சத்தம் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஏகாம்பரம். நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். அவரும் என் கணவரும் சேர்ந்து தொழிலுக்கு வந்தவர்கள், உருவம் சாயாமல் பக்கக் கயிறு பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார் இவர். போன மாசம் இதே மாதிரி கை தூக்கிய உருவம், பொத்தான் வரிசையில் கட்டித் தூக்கினார்கள், தரையை விட்டுக் கிளம்பியதுமே கைப்பக்கம் சாய்ந்து சுழன்றது, கயிற்றை விடாமல் பிடித்த ஏகாம்பரத்தை இழுத்துக்கொண்டுபோய்ச் சாரத்தில் அடித்தது. தோள்பட்டை எலும்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பார்லி தண்ணீர் கொண்டுபோனேன். அவர் கட்டுப்போட்ட கையோடு எழுந்து உட்காரப் பார்த்தார். "உக்காருங்க டீச்சரம்மா" என்று எனக்கு நாற்காலியைக் காட்டினார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் இவர் சாப்பிடவில்லை. "நடு எதுன்னு தெரியாம தூக்கறோம் ரேணு, குருட்டாம்போக்குல தூக்கறோம்" என்றார். அதற்கப்புறம்தான் நான் அந்த அட்டையை எடுத்தேன்.

முன்பெல்லாம் ஒரு முழம் தூக்கிப் பார்த்து, சாய்ந்தால் இறக்கி, கயிற்றை மாற்றிக் கட்டுவார்களாம். ஒரு முழம் தூக்கும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து பாதி உயரத்தில் காற்று பிடித்துப் புரட்டியதும் உண்டு. இந்தத் தடவை அந்தச் சோதனைகூட இருக்காது. "இது எங்க வீட்டு டீச்சர் வச்ச புள்ளி, ஒரே தூக்கு" என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறார், என்னிடமே வந்து அதைப் பெருமையாகச் சொன்னார். புள்ளியிலேயே கட்டக் கூடாது, ஓர் அடி மேலே கட்ட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். தாங்குகிற இடம் மேலேயும் பாரத்தின் நடு கீழேயும் இருந்தால் எப்படி ஆட்டினாலும் பழையபடி வந்து நிற்கும், உறுதிச் சமநிலை. கீழே கட்டினால் தலைகீழாகப் புரளும். சரியாகப் புள்ளியிலேயே கட்டினால்? அது நடுநிலைச் சமநிலை, எப்படித் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும், நிமிர வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இருக்காது, சின்னக் காற்று போதும். இதையெல்லாம் முள்கரண்டியைச் சுழற்றிக் காட்டி விளக்கினேன். ஓர் அடி போதுமா என்று கேட்டார். தாராளம் என்றேன். தாராளம்! யாரைக் கேட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்? தூக்கும்போது அவர் நேர் கீழே நிற்பார். முகம் நேராகப் போகிறதா என்று அங்கிருந்துதான் தெரியுமாம், யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நின்ற பிறகு சாரத்தில் ஏறி அவரே கண் எழுதுவார். அதுவரை அந்த முகத்துக்குக் கண் இருக்காது, கோயில் சிலைக்குச் செய்கிற மாதிரி இவர்களுக்கும் அது ஒரு முறை. கண் இல்லாத ஒரு பெரிய முகம் தரையில் மல்லாந்து ராகு காலம் முடியக் காத்துக்கொண்டிருக்கிறது, அதன் பக்கத்தில் அவர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பீடியை விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கல்லூரியில் யாருக்கும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்டால் விளம்பரத் துறை என்பேன். பொய் இல்லை. அவர்கள் கண்ணாடி போட்ட அலுவலகத்தையும் கழுத்துப்பட்டியையும் நினைத்துக்கொள்வார்கள், நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். அவர் தூக்கி நிறுத்திய எதையும் நிறுத்தும்போது நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், தொலைவிலேயே கண்டுபிடித்துவிடுவேன், கண்ணில் அவர் கை தெரியும், எல்லாத் தலைவர்களுக்கும் எல்லா நடிகர்களுக்கும் கீழ் இமையில் மட்டும் ஒரு சோர்வு வைப்பார். பக்கத்து சீட்டில் கூட வேலை பார்க்கும் ஜெசிந்தா மேடம் இருந்தால் ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்துக்கொள்வேன். "ஒரு தடவை வந்து பாரேன், தூக்கும்போது பாக்கணும், அதான் அழகு" என்று ஆரம்ப வருஷங்களில் கூப்பிடுவார். வெயில் என்பேன், விடைத்தாள் இருக்கிறது என்பேன். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் போன் இருக்கிறதோ அந்த நம்பரை மட்டும் காலையில் சொல்லிவிட்டுப் போவார், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி என்னைத் திரும்பச் சொல்ல வைப்பார். ஒரு நாளும் நான் அதைச் சுழற்றியதில்லை. இன்று காலையும் சொல்ல வைத்தார். மருந்துக்கடை நம்பர், இப்போதும் சொல்ல முடியும், சொல்லிப் பார்த்தேன், உதடு அசைந்திருக்க வேண்டும், முன்வரிசைப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"மேடம், அட்டை உடைஞ்சிருக்கு, இன்னொண்ணு வச்சுக்கலாமா?" ஜன்னலோரத்துப் பெண். பரீட்சை அட்டை நடுவில் விரிசல் விட்டு, அழுத்தி எழுதினால் தொய்கிறது. பக்கத்துப் பெண் கொடுக்கத் தயாராக இருந்தாள். நான் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எதுவும் எழுதியிருக்கவில்லை, கொடுத்தேன். அவள் உடைந்ததன் அடியில் நல்லதை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளிப் போட்டாள். தட்டிப் பார்த்தாள். தொய்யவில்லை. ரெட்டையாக வைத்தால் தொய்யாது. ரெட்டை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ரெட்டைப் பலகை. முகத்துக்கு ரெட்டைப் பலகை! எப்படி மறந்தேன், எத்தனை தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். உடம்பு எப்படிப் போனாலும் முகம் கோணக் கூடாது, முகத்துக்கு மட்டும் ரெட்டைப் பலகை, பின்னால் தாங்கலுக்கு அடிக்கும் ரீப்பர் கட்டையும் நெருக்கி ரெட்டை. எங்கள் கல்யாணமான புதிதில் ஒற்றைப் பலகையில் செய்த ஒரு முகம் மழையில் உப்பி, காற்றில் வளைந்து, கூட்டம் நடக்கும்போது தலைவரின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கட்சிக்காரர்கள் இவர் சட்டையைப் பிடித்து நடுரோட்டில் உலுக்கினார்கள். பொத்தான் இல்லாத சட்டையோடு வீட்டுக்கு வந்தார், நான் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், "இனிமே முகம்னா ரெட்டைதான்" என்றார். தைத்த ஊசி நினைவிருக்கிறது, நூலின் நிறம் நினைவிருக்கிறது, விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். சீரான தகடு, சீரான தகடு என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதி எழுதி, உலகத்தில் இருக்கிற தகடெல்லாம் சீரானது என்று நம்பிவிட்டேன். அட்டை சீரானது, எங்கும் ஒரே கனம். கட்டத்தாள் சீரானது. இரண்டும் ஒன்றாக வந்ததில் ஆச்சரியம் என்ன, இரண்டும் ஒரே தப்பைத்தானே செய்தன. "எல்லா இடமுமா" என்று அவர் கேட்டாரே, அவருக்குத் தட்டுப்பட்டிருக்கிறது, எனக்குத் தட்டவில்லை, டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று டீயைக் குடித்துவிட்டார்.

மேஜைக்கு வந்தேன். மிச்சமிருந்த வினாத்தாளைத் திருப்பிப் போட்டேன். கண்காணிப்பாளர் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, எல்லாம் தெரியும். முகமும் கழுத்தும் எத்தனை கட்டம்? கண்ணை மூடிக் கட்டத்தாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். காது, மீசை, தலைமுடி, இருபது இருக்கும். இருபதுக்குக் குறையாது. முகத்தின் நடு காலிலிருந்து இருபத்தைந்து. புள்ளி பதினாலில். வித்தியாசம் பதினொன்று. ரெட்டையால் கூடுதலாக வந்த இருபதைப் பதினொன்றால் பெருக்கினால் இருநூற்றிருபது. மொத்தம் இருநூறோடு இருபது, அதுவும் இருநூற்றிருபது. வகுத்தால் ஒன்று. ஒன்று! நான் ஓர் அடி மேலே கட்டச் சொன்னேன், பாரத்தின் நடுவும் சரியாக ஓர் அடி மேலே ஏறிப் போய் அந்த முடிச்சிலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தாராளம் என்றேனே, அந்தத் தாராளத்தை முகம் தின்றுவிட்டது. இவ்வளவு சுத்தமாக வரும் விடை மேல் எனக்குச் சந்தேகம் வரும், மறுபடி போட்டேன், ஒன்று. ஆனால் இது பலகைக்கு மட்டும். ரீப்பர்? அதையும் சேர்த்தால் ஒன்றுக்கு மேலே. முடிச்சுக்கு மேலே. பென்சிலைக் கீழே வைத்தேன். தூக்கத் தொடங்கியதும் ஒன்றும் தெரியாது, அதுதான் பயங்கரம், தரையை விட்டுக் கிளம்பும்போது அழகாக நேராகப் போகும், டீச்சர் புள்ளி என்று யாராவது கத்துவார்கள், இவர் கீழே நின்று அண்ணாந்து சிரிப்பார். பாதி வழியில் அமைந்தகரைக் காற்று ஒன்று வரும். கண்ணில்லாத அந்த முகம் மெதுவாகக் குனியும், தன்னை வரைந்தவன் யார் என்று பார்க்கிற மாதிரி. போதும். நிறுத்து. கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டிவிட்டது, அது பின்தங்கி ஓடும் கடிகாரம் வேறு. கதவுக்குப் போனேன். நடைபாதையில் யாரும் இல்லை. அறையை விட்டு வெளியே கால் வைக்க முடியாது, நாற்பது பேர், மாற்று ஆள் வரும்வரை நான் ஒரு தூண். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். பெண்கள் என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கைப்பையைத் திறந்தேன், மூடினேன். நூல் கற்றையை எடுத்து ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டேன், எதற்கு என்று தெரியாது, சாவி ஆடிக்கொண்டே இருந்தது, என் கை நின்றால்தானே அது நிற்கும்.

ஆங்கிலத் துறை ஜெசிந்தா மேடம் கதவில் தலையை நீட்டியபோது நான் கிட்டத்தட்ட ஓடினேன். எனக்குப் பதிலாக ஐந்து நிமிஷம் நிற்க வந்தவர், கையில் பிளாஸ்க்.

"என்ன மேடம், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"ஒரு போன் பண்ணணும். என் வீட்டுக்காரர் கட்-அவுட் போடறவர். இன்னிக்குத் தூக்கறாங்க. நான் போட்ட கணக்குல தப்பு."

அவர் கொஞ்சம் விழித்தார். "கட்-அவுட்னா, ரோட்டுல நிக்குமே, அதுவா?"

"அதுதான். முப்பதடி."

"ஐயோ, அதையெல்லாம் உங்க வீட்டுக்காரரா செய்யறார்?" என்றார். அந்தக் குரலில் நான் இத்தனை நாள் பயந்த எதுவும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. "போங்க போங்க, நான் பாத்துக்கறேன். நிதானமா வாங்க."

அலுவலகத்தில் டெலிபோன் டயலுக்குப் பூட்டு. சாவி எழுத்தரிடம், எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்தார், வந்தார், சொந்த விஷயமா என்று கேட்டார், ஆமாம் சொந்த விஷயம்தான் என்று நான் போட்ட சத்தத்தில் மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டார். ஆறு எண்களையும் சுழற்றினேன். ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரம். மருந்துக்கடைக்காரர் எடுத்தார். மாசிலாமணியா, யாரு, கட்-அவுட்காரரா, இருங்க கூப்பிடறேன். ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம். லாரி ஒன்று போனது. எங்கோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், விலை அதிகம் என்றார்கள். நான் காதை அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரேணு? என்னம்மா? உடம்புக்கு ஏதாவதா?"

"தூக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. பன்னெண்டு ஆவட்டும்னு உக்காந்துக்கினு இருக்கோம். ஏன், என்ன ஆச்சு?"

"தூக்காதீங்க. புள்ளி தப்பு. முகத்துக்கு ரெட்டைப் பலகைங்கறதை நான் சேர்க்கவே இல்லை. நடு ஓர் அடி மேல ஏறிடுது, ரீப்பரையும் சேத்தா இன்னும் மேல. கட்டின இடத்துல தூக்கினா புரண்டுடும். கேக்குதா?"

அவர் ரிசீவரைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெட்டை இல்லம்மா" என்றார்.

"என்னது?"

"முகத்துக்கு இந்தத் தடவை ஒத்தைதான் அடிச்சேன். ரீப்பரும் மத்த இடத்துக்கு எப்படியோ அப்படித்தான். நீதான் சொன்னியே, எல்லா இடமும் ஒரே கனம்னு வச்சுதான் கணக்குன்னு."

"அது கணக்குக்காகச் சொன்னதுங்க. அதுக்காகப் பலகையை மாத்துவாங்களா?"

"தெரியுது. ஆனா ரெட்டை அடிச்சா நீ போட்டது தப்பாப் பூடும்ல. ஒரு நாள் பூரா விசிறியக்கூட நிறுத்திட்டு உக்காந்து போட்ட."

"முகம் கோணிச்சுன்னா? சாயங்காலம் காத்தடிச்சா? அன்னிக்குச் சட்டையைப் பிடிச்சாங்களே, மறந்துட்டீங்களா?"

"கோணினா கோணட்டும். திட்டுவானுங்க, ரெண்டு அடி வைப்பானுங்க, அவ்ளோதானே. நீ என் வேலையில வச்சது ஒரே ஒரு புள்ளி, ரேணு. அது தப்பாப் போவக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எழுத்தர் பார்க்கிறார் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொருளுக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்துவதைத்தான் நான் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கு பொய்க்கக் கூடாது என்று பொருளைத் திருத்திய ஆளை இதுவரை கேள்விப்பட்டதில்லை. பைத்தியக்கார மனுஷன். நடுரோட்டில் அடி வாங்கத் தயாராகி, அதை என்னிடம் சொல்லக்கூட இல்லாமல், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நம்பரை மட்டும் ஒப்பிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். 

"முகத்துக்கு ரெட்டை அடிங்க. இப்பவே. ரீப்பரும் எப்பவும் அடிக்கற மாதிரி."

"அப்போ புள்ளி?"

"பரீட்சை முடிஞ்சதும் நான் வந்து வைக்கிறேன்."

"இங்கயா?"

"அங்கதான். நான் வர்ற வரைக்கும் தரையை விட்டு எழுப்பக் கூடாது. நூலும் அந்த நட்டும் வீட்டுல கிடக்கு, பரவாயில்லை, இங்க நூல் இருக்கு."

அவர் வாயை ரிசீவரிலிருந்து விலக்கிக்கொண்டு கத்துவது கேட்டது. "டேய், கயித்த அவுருங்கடா! டீச்சர் வராங்க!" எதிர்ச்சாரியிலிருந்து யாரோ பதிலுக்கு ஏதோ கத்தினார்கள், சிரித்தார்கள். திரும்ப ரிசீவருக்கு வந்தார்.

"வெயில் கொளுத்துதும்மா."

"எந்த பஸ் ஏறணும்?" என்று கேட்டேன்.

நம்பர் சொன்னார், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, "எங்க, நீ திருப்பிச் சொல்லு பாப்போம்" என்றார். சொன்னேன்.